இசைக் கேள்வி பதில்: பாக் வீட்டுப் பழைய கட்டு

கேள்வி: பாக் குடும்பத்தின் இசைத்தாள்கள் உலகப்போரில் தொலைந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கிடைத்தன என்று என் பியானோ ஆசிரியை சொன்னார். உண்மையா?
– மாணவி ஒருவர்

பதில்: உண்மைதான் அம்மா. ஆனால் போரிலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் 1735-இல் தம் குடும்பத்துக்கு ஒரு வம்சாவளி எழுதினார். அதில் 53 பேர். முதல் பெயர் ஃபைட் பாக், ரொட்டி சுடுபவர். மாவு அரைக்கப் போகும்போது சிட்டர்ன் என்ற தம் கம்பி வாத்தியத்தையும் ஆலைக்கு எடுத்துப்போய், கல் சுற்றச் சுற்ற வாசிப்பாராம். தாளம் தவறாமல் வாசிக்க அங்கேதான் பழகியிருப்பார் என்று எழுதுகிறார் பாக். தம் முன்னோரைப் பற்றி எத்தனை பிரியமாக எழுதியிருக்கிறார்!

அந்தப் பிரியத்தோடுதான் அவர் ஒரு தாள் கட்டையும் வைத்திருந்தார். அதில் இருந்தவை அவருடைய பாட்டுகள் அல்ல. தாத்தாவின் சகோதரர்கள் யோஹான், ஹைன்ரிஷ், பெரியப்பா முறையான யோஹான் கிறிஸ்டோஃப், முதல் மனைவியின் தகப்பனார் யோஹான் மிஷேல் போன்றோர் எழுதியவை. யோஹான் கிறிஸ்டோஃபை 'ஆழ்ந்த இசையமைப்பாளர்' என்று வம்சாவளியில் குறித்திருக்கிறார்.

1750-இல் பாக் இறந்ததும் தாள்கள் பிரிந்தன. மூத்த மகன் ஃப்ரீடெமான் தம் பங்கைக் கஷ்டத்தில் விற்றுவிட்டார். அதில் நிறையப் போயே போய்விட்டது. இரண்டாமவர் எம்மானுவேல் பத்திரப்படுத்தினார். பழைய கட்டு அவரிடம்தான் இருந்தது. அவர் 1788-இல் ஹாம்பர்கில் காலமானார். அவர் விட்டுச்சென்றவற்றுக்கு 1790-இல் அச்சான பட்டியலில்தான் 'பழைய பாக் ஆவணம்' என்ற பெயரைக் காண்கிறோம். பிறகு அது பெர்லினின் ஸிங்-அகாடெமி என்ற பாடகர் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது.

1943-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து சங்கத்தின் நூலகத்தை சிலேசியாவில் ஒரு கோட்டைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் சோவியத் படை அதை உக்ரைனின் கியவ் நகருக்குக் கொண்டுபோயிற்று. அதற்குப்பின் வெளியுலகுக்குத் தகவலே இல்லை. பல வருஷம் தேடிய பாக் ஆய்வாளர் கிறிஸ்டோஃப் வோல்ஃப், ஆவண வரலாற்றாளர் பட்ரிஷியா கிரிம்ஸ்டெட்டோடும் உக்ரைன் ஆய்வாளரோடும் சேர்ந்து, 1999 கோடையில் கியவின் அரசு ஆவணக்காப்பகம் ஒன்றில் கண்டுபிடித்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள்! 2001-இல் உக்ரைன் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. இன்று பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கின்றன.

கேள்வி: அந்தப் பழைய கட்டு 1935-லேயே அச்சில் வந்துவிட்டதாமே? பிறகு எதற்கு அந்தக் கிழிசல் தாள்கள்? பாட்டு பிழைத்தால் போதாதா?
– வாசகர் ஒருவர்

பதில்: போதாது ஐயா. இருபது வருஷம் ஒரு பாடகர் குழுவுக்கு பார்ட் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்கோரில் எல்லாக் குரலும் ஒரே பக்கத்தில் இருக்கும். பார்ட் என்பது ஒரு ஆளுக்கான தாள். எழுதும்போதே பக்கத்தின் கடைசி வரி ஓய்வில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் வயலின்காரர் எந்தக் கையால் பக்கத்தைத் திருப்புவார்? பார்ட் இருக்கிறது என்றால், யாரோ வாசிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

கியவில் கிடைத்தவற்றில் யோஹான் கிறிஸ்டோஃப் இரண்டு பாடகர் குழுக்களுக்காக எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது. 'அன்பான ஆண்டவரே, எங்களை எழுப்பும்' என்று தொடங்கும். செபாஸ்டியன் பாக் அதற்கு பார்ட் தயாரித்திருக்கிறார். அதில் அவர் கை நடுங்குகிறது. கண்பார்வை மங்கிய கடைசிக் காலத்துக் கையெழுத்து. தம்முடைய இறுதிச் சடங்கை நினைத்தே தயாரித்திருக்கலாம் என்பது வோல்ஃபின் கருத்து. அது நிரூபணமான விஷயம் அல்ல. ஆனால் நூற்றுக்கணக்கான சொந்தப் பாட்டு எழுதி வைத்திருந்தவர், முடிவு நெருங்கும்போது பெரியப்பாவின் பாட்டைக் கையில் எடுத்திருக்கிறாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அச்சுப் புத்தகத்தில் சுரங்கள் வரும். நடுக்கம் வராது.

இன்னொன்றும் உண்டு. ஆறு செல்லோ தொகுப்புகளுக்கு பாக் கைப்பட எழுதிய மூலம் இன்று இல்லை. இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா எழுதிய பிரதி நமக்கு முக்கிய ஆதாரம். அவர் கையெழுத்து கணவரின் கையெழுத்தைப் போலவே ஆகிவிட்டதால் வெகுநாள் குழப்பமும் இருந்தது. மையையும் தாளின் நீர்க்குறியையும் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் அடையாளம்) பார்த்தால்தான் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பிரித்தறிய முடியும்.

கேள்வி: அப்பா கைப்பட எழுதிய வயலின் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. சில பக்கங்களில் மை பழுப்பாகிவிட்டது. எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி ஒருவர்

பதில்: முதலில் பாக்கின் தாள்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அக்கால மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. நாளானால் அதிலுள்ள அமிலம் தாளைத் தின்னும். மை திரண்டு நிற்கும் சுரத்தலைகள், அதாவது சுரக்குறிகளின் உருண்டைப் பகுதிகள்தான் முதலில் அரிபடும். அந்த இடத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். பெர்லின் நூலகத்தின் மிக மோசமான தாள்களை முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டாக உரித்து, நடுவில் மெல்லிய தாள் வைத்து மறுபடி ஒட்டினார்கள். அதெல்லாம் கைதேர்ந்தவர்கள் செய்கிற வேலை.

உங்கள் அப்பாவின் மை வேறாக இருக்கலாம். எதுவானாலும் லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் திரும்பப் பிரிக்க முடியாத காரியங்கள். துருப்பிடித்த கிளிப் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். அமிலமில்லாத காகித உறையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கும் வரிசையிலேயே படம் எடுத்துவிடுங்கள். எண் போடுவதானால் பென்சிலால், ஓரத்தில்.

சுரங்களுக்கு மேலே விரல் எண்ணும் வில் குறியும் பென்சிலில் போட்டிருப்பாரே, அவற்றை அழுக்கு என்று நினைத்து ரப்பரால் அழித்துவிடாதீர்கள், அம்மா. வாசித்தபோது அவர் விரல் எங்கே போயிற்று என்பதற்கு அந்தக் குறிகள்தான் சாட்சி.