தட்டுப்பாட்டில் வாங்கிய சைக்கிள்: விலை அநியாயமா, சொன்னது பொய்யா?

கேள்வி: 2021 ஆகஸ்ட்டில் மகனுக்காக ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். கடைகளில் கேட்டால் 'அடுத்த வருஷம்தான் ஸ்டாக் வரும்' என்றார்கள். அதனால் கைபேசிச் செயலியில் தேடி, பொங்கோலில் ஒருவரிடம் பழைய வண்டியை 2,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினோம். '2020 மாடல், ஒரே ஓனர், கடையில் புதிதாக 4,000 வெள்ளிக்கு வாங்கியது' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். போன மாதம் பிரேக் பார்க்கக் கொண்டுபோனபோது, மெக்கானிக் அடியில் இருக்கும் நம்பரைப் பார்த்துவிட்டு, 'அக்கா, ஃபிரேம் 2016. கியர் மட்டும்தான் புதுசு' என்றார். 2016 வண்டி இப்போது 900 வெள்ளிக்கே கிடைக்கிறது. எனக்கு 1,900 வெள்ளி நஷ்டம். விற்றவரோ, 'பார்த்துத்தானே வாங்கினீர்கள், நோ ரிட்டர்ன் என்று போட்டிருந்தேனே' என்கிறார். அநியாய விலை என்று பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறார் என் கொழுந்தன். போன காசு போனதுதான் என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்யலாம்? வண்டியை விற்றுவிடலாமா?
- வாசகி, ஈசூன், மார்ச் 2023

பதில்: உங்கள் கொழுந்தன் தவறான இடத்தைக் காட்டுகிறார். உங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் சீக்கிரமாகவே கைவிட்டுவிட்டார். உங்கள் வழக்கு விலையைப் பற்றியது அல்ல, அந்த வாட்ஸ்அப் வாக்கியத்தைப் பற்றியது.

முதலில் விலை. வாங்குபவரும் விற்பவரும் மனமொத்து முடித்த விலை அதிகமா குறைவா என்று சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று 1950-லிருந்து இருக்கிறது. 2020 தொடக்கத்தில் முகக்கவச விலை ஏறியபோது அரசாங்கம் அதை நினைவூட்டியது. ஆனால் மலைப்பாதை சைக்கிளுக்கு யாரும் உச்ச விலை வைக்கவில்லை. அந்த நேரத்தில் விலை ஏறியதற்கு உண்மையான காரணமும் இருந்தது. கிருமி முறியடிப்புக் காலத்தில், அதாவது கொவிட் முடக்கத்தின்போது, உடற்பயிற்சிக் கூடங்கள் மூடியிருந்தன, எல்லாருக்கும் திடீரென்று சைக்கிள் வேண்டியிருந்தது. உலகம் முழுக்க இதே கதை. ஆலைகளோ முடக்கத்தில் தடுமாறின. கியரும் பிரேக்கும் பெரும்பாலும் ஷிமானோ போன்ற சில நிறுவனங்களிடமிருந்தே வர வேண்டும், சில பாகங்களுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. புதிது கிடைக்காதபோது பழையது புதியதின் விலையை நெருங்கும். அதில் குற்றம் எதுவும் இல்லை. அன்றைக்கு வாங்கிய பலருக்கு இன்று வயிற்றெரிச்சல்தான், அதற்கு வழக்குப் போட முடியாது.

சரி, இனி அவர் எழுதியதற்கு வருவோம். 'அருமையான வண்டி', 'இந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது' என்பதெல்லாம் விற்பவரின் வாய்ச்சாலகம். சட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. ஆனால் '2020 மாடல்', 'ஒரே ஓனர்', 'கடையில் புதிதாக 4,000 வெள்ளி' என்பவை சரிபார்க்கக்கூடிய செய்திகள். முதலாவது பொய் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். மூன்றாவதும் பொய்யாக இருக்கலாம். அந்த பிராண்டின் உள்ளூர் முகவரிடம் 2020-இல் கடை விலை என்னவாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். 3,000 வெள்ளிதான் என்று பதில் வந்தால், 2,800-ஐ மலிவாகக் காட்டத்தான் அந்த 4,000 சொல்லப்பட்டது என்று வாதாடலாம்.

பொருள் விற்பனைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, விவரித்த பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. இது கடைக்காரருக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து ஒரே ஒரு சைக்கிள் விற்பவருக்கும் பொருந்தும். நேரில் பார்த்து வாங்கினாலும் பொருந்தும். 1967-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த ஒரு கார் வழக்கு இதற்கு அப்படியே கைகொடுக்கும். '1961 ஹெரால்ட்' என்று விளம்பரம் செய்த தனிநபர் ஒருவரிடம் ஒருவர் அந்தக் காரை நேரில் பார்த்து வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டவைத்திருக்கிறார்கள். பின்பாதி மட்டும்தான் 1961. விற்றவருக்கே அது தெரியாது. இருந்தும் அவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். உங்கள் வண்டியும் அந்த ஜாதிதான்: கியர் புதிது, சட்டம் பழையது. (தமிழில் ஃபிரேமுக்கும் சட்டம், என் தொழிலுக்கும் சட்டம். பழசாகிப்போனது முதலாவது மட்டும்தான்.)

இன்னொரு வழி தவறான கூற்றுச் சட்டம். நீங்கள் நம்பி வாங்கக் காரணமான செய்தி பொய்யென்றால், அதை உண்மையென்று நம்ப நியாயமான காரணம் இருந்தது என விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். 'எனக்கும் இப்படித்தான் சொல்லி விற்றார்கள்' என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் 'ஒரே ஓனர், கடையில் புதிதாக வாங்கியது' என்று எழுதிவிட்டு அப்படிச் சொல்ல வாய் வராது.

'நோ ரிட்டர்ன்' உங்களைப் பயமுறுத்த வேண்டாம். திருப்பி எடுக்கமாட்டேன் என்பதற்கும், நான் எதைச் சொன்னாலும் பொறுப்பில்லை என்பதற்கும் தூரம் உண்டு. அப்படியே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகமாக எடுத்துக்கொண்டாலும், அது நியாயமானதா என்று இதை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் பார்க்கும். அப்புறம், 19 மாதம் ஓட்டிய வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்பது நடக்காத காரியம். நீங்கள் கேட்கக்கூடியது இழப்பீடு.

விற்றவர் யார் என்பதையும் ஒருமுறை பாருங்கள். செயலியில் அவருடைய பக்கத்தில் அந்த ஒரு சைக்கிள்தான் இருந்ததா, இல்லை வாங்கி விற்றது இருபது முப்பது என்று இருக்கிறதா? தட்டுப்பாட்டுக் காலத்தில் இதை ஒரு சின்ன வியாபாரமாகவே நடத்தியவர்கள் உண்டு. வியாபாரி என்றால் பொருளின் தரத்துக்கும் அவர் பொறுப்பு, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டமும் பொருந்தும். பழைய பொருளுக்கும் பொருந்தும், வயதையும் விலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. முதல் 6 மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்ற சலுகை உங்களுக்கு முடிந்துவிட்டது, நீங்கள்தான் காட்ட வேண்டும். அவர் வெறும் தனிநபர் என்றால் பயனீட்டாளர் சங்கம் தலையிடாது. வியாபாரிக்கு எதிரான புகார்தான் அவர்கள் வேலை. கொழுந்தனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போதுதான் நியாயமான விலை என்ற கேள்விக்கு வேலை வருகிறது. பொய் என்று காட்டாதவரை விலையைப் பற்றிச் சட்டம் பேசாது. காட்டிவிட்டால் பிறகு விலையைத் தவிர வேறெதையும் பேசாது. நீங்கள் 2,800-லிருந்து இன்றைய 900-ஐக் கழித்து 1,900 என்கிறீர்கள். இதில் இரண்டு பிழை. ஒன்று, எந்த நாளின் விலை? வாங்கிய நாளின் விலைதான். 2021 ஆகஸ்ட்டில் 2016 சைக்கிளுக்கும் தட்டுப்பாட்டு விலை இருந்தது. அதற்குப் பிறகு கடைகளில் சரக்கு குவிந்து விலை இறங்கியது விற்றவரின் பொய்யால் அல்ல. இரண்டு, உங்களிடம் இருப்பது வெறும் 2016 வண்டி அல்ல. மெக்கானிக் சொல்லும் புதிய கியர் 12 வேக ஷிமானோ டியோர் என்றால், அது 2020-இல்தான் வெளிவந்தது. ஆக, பழைய ஃபிரேமில் யாரோ காசு போட்டு மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காசின் மதிப்பையும் சேர்க்க வேண்டும். இதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டால் உங்கள் மற்ற கணக்கையும் நம்புவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். அவர் சொன்னபடி ஓராண்டு ஓடிய 2020 வண்டி அன்றைக்கு 2,500 வெள்ளி பெறும், உங்களுக்குக் கிடைத்தது 1,600 பெறும் என்று வைத்துக்கொள்வோம். விவரிப்பு பொருந்தவில்லை என்ற வழியில் போனால் இழப்பீடு, சொன்னதுக்கும் கிடைத்ததுக்கும் உள்ள வித்தியாசம்: 900. அவசரத்தில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 300 இதில் வராது, அது உங்கள் பேரத்தின் குறை. தவறான கூற்று வழியில் போனால், அந்தப் பேச்சே நடக்காமல் இருந்திருந்தால் உங்கள் பணம் எங்கே இருந்திருக்கும் என்று பார்ப்பார்கள். கொடுத்த 2,800-லிருந்து கிடைத்த 1,600-ஐக் கழித்தால் 1,200. கூடுதல் விலை கொடுத்து ஏமாந்தவருக்கு இரண்டாவது வழிதான் லாபம். இரண்டையும் எழுதுங்கள், இரண்டாவதை முன்னால் வையுங்கள்.

அந்த 2,500-ஐயும் 1,600-ஐயும் எப்படிக் காட்டுவது? செயலியில் போட்டிருக்கும் விலை, விற்பவரின் ஆசை மட்டுமே. விற்று முடிந்த விலைதான் சந்தை. 2021 நடுவில் அதே மாடலை விற்ற, வாங்கிய நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களின் பேநவ் (கைபேசிவழிப் பணப் பரிமாற்றம்) பதிவும் வாட்ஸ்அப்பும் தங்கம். செஸ்ட்நட், புக்கிட் தீமா பாதைகளில் ஓட்டும் குழுக்களில் கேட்டுப் பாருங்கள், இவர்களுக்கு யார் எதை எவ்வளவுக்கு விற்றார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். ஒரே அளவு, ஒரே ஃபோர்க், ஒரே தரம் உள்ளதோடுதான் ஒப்பிட வேண்டும். அலுமினிய ஃபிரேமைக் கார்பனோடு ஒப்பிட்டால் எதிராளி ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார். மெக்கானிக் வாய்ச்சொல்லாகச் சொன்னது போதாது. ஃபிரேம் எண், அதன் ஆண்டு, மாற்றிய பாகங்கள், 2021 நடுவில் அந்த வண்டி பெற்றிருக்கும் விலை பற்றிய அவர் கணிப்பு, இவற்றைக் கடைத் தாளில் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ஆண்டை முகவரிடமும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கான இடம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள், உங்களுடையது அதில் ஒரு மூலை. வழக்கறிஞர் ஆஜராக முடியாது, அதனால் எனக்கு நீங்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) வழியாக இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். முதலில் பதிவாளர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார், பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். 1,200 கேட்டு 800-க்கு ஒத்துக்கொள்வது தோல்வி என்று நினைக்காதீர்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். விற்றவரின் உண்மையான பெயரும் முகவரியும் வேண்டும், செயலியின் புனைபெயரை வைத்து ஆணை வாங்க முடியாது. பேநவ் பதிவில் பெயர் இருக்கும். எந்த புளோக் கீழ்த்தளத்தில் சந்தித்தீர்கள் என்பது நினைவிருக்கும், வீட்டு எண்ணைப் பழைய குறுஞ்செய்திகளில் தேடுங்கள். அடுத்தது காலக்கெடு: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. 2021 ஆகஸ்ட்டிலிருந்து எண்ணுங்கள், மெக்கானிக் சொன்ன நாளிலிருந்து அல்ல. ஏப்ரலுக்குள் அவருக்கு எழுத்தில் ஒரு கடைசி வாய்ப்புக் கொடுங்கள், 14 நாளில் பதில் இல்லையென்றால் தாக்கல் செய்யுங்கள். ஜூலைவரை பேரம் பேசிக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் நல்லது.

வண்டியை விற்கலாமா என்று கேட்டீர்கள். விற்கலாம், ஆனால் வழக்கு முடிந்த பிறகு. எதிராளி 'எனக்குக் காட்டுங்கள்' என்றால் காட்ட வண்டி இருக்க வேண்டும். அதுவரை பாகம் எதையும் மாற்ற வேண்டாம், பிரேக்கை மட்டும் சரி செய்யுங்கள், மகன் ஓட்டுகிறானே. பிறகு விற்கும்போது விளம்பரத்தில் 2016 ஃபிரேம் என்றே போடுங்கள். 13-ஆவது பிரிவு அன்றைக்கு உங்களுக்கும் பொருந்தும்.