இவ்வளவு வளம் இருந்தும் பிரேசிலில் ஏற்றத்தாழ்வு ஏன் இத்தனை ஆழமாக இருக்கிறது?

ஊழல், 1964 முதல் 1985 வரை நீடித்த இராணுவ ஆட்சி, பணவீக்கம் ஆகியவற்றையே பலரும் காரணமாகக் கூறுவர். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிரேசிலின் வரலாற்றை ஆர்வத்துடன் வாசித்து வருபவன் என்ற முறையில், இக்கேள்விக்கான விடையை 1850ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தேட வேண்டும் என்று கருதுகிறேன்.

போர்த்துகீசியர் 1500இல் வந்திறங்கிய பின், கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு மினாஸ் ஜெராய்ஸ் தங்கச் சுரங்கங்களுக்கும், இறுதியில் காபித் தோட்டங்களுக்குமாக ஏறத்தாழ 48 இலட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக அங்கே இறக்கப்பட்டனர். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இறக்கப்படவில்லை. 1822இல் விடுதலையை அறிவித்தவர் போர்த்துகல் மன்னரின் மகன் பேத்ரோ என்பதால், கொடி மாறியதே தவிர நிலக்கிழார்களின் பிடி தளரவில்லை.

பிரிட்டிஷ் கடற்படையின் நெருக்கடிக்குப் பணிந்து 1850 செப்டம்பர் 4 அன்று அடிமை இறக்குமதி தடை செய்யப்பட்டது. இரண்டே வாரங்களில், செப்டம்பர் 18 அன்று, அரசு நிலத்தை விலை கொடுத்து வாங்கினாலன்றி எவரும் உரிமை கோர முடியாது என்ற நிலச் சட்டம் வந்தது. அடிமைத்தளை அறுந்தாலும் உழுவதற்குச் சொந்த நிலம் கிடைக்காது, எனவே பண்ணையாரிடமே கூலிக்கு வர வேண்டியிருக்கும் என்பதே அதன் விளைவு. 1888 மே 13 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, விடுதலை பெற்றோருக்கு நிலமோ பணமோ பள்ளியோ தரப்படவில்லை. சாவோ பாலோவின் காபித் தோட்டங்களுக்கோ அரசே பயணச் செலவை ஏற்று இத்தாலியரை வரவழைத்தது.

இதனினும் கொடியதாக எனக்குத் தோன்றுவது 1881ஆம் ஆண்டுச் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இனி வாக்காளராகப் பதிய முடியாது என்றாக்கிய அத்தடை 1985 வரை நீடித்தது. பள்ளி திறக்காத அரசு, படிக்காததற்காக வாக்குரிமையைப் பறித்தது. வாக்கில்லாதவர்களின் ஊருக்குப் பள்ளி கொண்டுவரும் அவசியம் எந்த அரசியல்வாதிக்கும் எழவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் வளர்ச்சி மெய்யானதே. வோல்டா ரெடோண்டா எஃகு ஆலை, 1953இல் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ், 1960இல் புதிய தலைநகர் பிரசிலியா என அது விரிந்தது. 1973இல் தொடங்கிய எம்பிராபா வேளாண் ஆய்வு நிறுவனம், செராடோ சமவெளியின் அமில மண்ணைச் சுண்ணாம்பிட்டுத் திருத்தி, சோயா விளையும் பூமியாக மாற்ற உதவியதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்த விளைச்சலின் பெரும்பங்கு பெரும்பண்ணைகளுக்கே சென்றது. 1943ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் பெருமளவு விலக்கியே வைத்தது.

1988ஆம் ஆண்டு அரசமைப்பு உறுதியளித்த இலவச மருத்துவமும், 2003இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா உதவித்தொகையும் வறுமையைக் கணிசமாகக் குறைத்தன. நில உடைமையை அவை தொடவில்லை. பெரும்பாலும் கறுப்பினப் பெண்களே செய்துவரும் வீட்டு வேலைக்கு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பும் மிகைநேர ஊதியமும் அரசமைப்புத் திருத்தத்தின் வழியே கிடைத்தது 2013இல்தான், அதாவது அடிமை முறை ஒழிந்து 125 ஆண்டுகள் கழித்து.