ஆறு ஃபெட்டிபிளேஸ்களும் ஒரு மெட்ராஸ் பலகையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் வேலை பார்க்கிறேன். லீவு நாட்களில் கிராமங்களைச் சுற்றுவது வழக்கம். சென்ற மாதம் ஸ்வின்புரூக் என்ற சிற்றூரின் சர்ச்சுக்குள் போனேன். பீடத்தை ஒட்டிய சுவரில் ஆறு ஆண்கள், மூன்று மூன்று பேராக, ரயில் பெர்த்தில் படுத்திருப்பதுபோல ஒருவர்மேல் ஒருவராகக் கல்லில் கிடக்கிறார்கள். எல்லோரும் ஒரே குடும்பத்து நிலப்பிரபுக்களாம். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். சாமி கும்பிடும் இடத்தில் பணக்காரர்கள் தங்களுக்கே சிலை வைத்துக்கொள்வது என்ன நியாயம்? ஏழைகள் எல்லாம் வெளியே புல்லுக்கு அடியில்!

வேறொரு ஊர் சர்ச்சில், சுவர்ப்பலகை ஒன்றில் 'மெட்ராஸ்' என்று இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி, அங்கேயே இறந்தவர். அவருடைய வீரம், கருணை என்று வரிவரியாகப் புகழ்ச்சி. அதன்முன் நின்றபோது என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. கால்மேல் கால் குறுக்காகப் போட்ட வீரர் சிலை என்றால் அவர் சிலுவைப்போருக்குப் போனவர் என்று கூட வந்த ஆங்கிலேய நண்பர் சொன்னார். உண்மையா? எனக்கென்னவோ இந்தக் கல்லறைகள் எல்லாமே ஆணவத்தின் சின்னங்கள் என்றுதான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ரயில் பெர்த் என்றது பிரமாதம். ஃபெட்டிபிளேஸ் குடும்பத்தாரை இனிமேல் என்னால் வேறு மாதிரி பார்க்க முடியாது. முதல் மூவர் 1613ஐ ஒட்டிச் செய்யப்பட்டவர்கள். சர் எட்மண்ட் ஃபெட்டிபிளேஸ் தன் முன்னோர் இருவரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். கவசம் போட்டு, முழங்கையை ஊன்றி, மூவரும் விறைத்துக் கிடக்கிறார்கள். அடுத்த மூவர் 1686ஆம் ஆண்டு வரிசை, ஆக்ஸ்ஃபோர்டு சிற்பி வில்லியம் பேர்டின் வேலை. அதே படுக்கைதான், ஆனால் உடம்பில் தளர்ச்சியும் முகத்தில் சொகுசும் வந்துவிட்டன. மனைவிமாருக்குப் பெர்த் கிடையாது. பிற்பாடு வம்சம் அற்றுப்போனது, மாளிகையையும் இடித்துவிட்டார்கள். சர்ச்சில் மட்டும்தான் அவர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள்.

ஸ்வின்புரூக்கை வைத்து ஆணவம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் 'எல்லாமே' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு. இந்தக் கல்லறைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நம்மிடம் எதையோ கேட்கிறது. மற்றது தன்னைப் பற்றிச் சொல்கிறது. நீங்கள் பார்த்தது இரண்டாவது ரகம்.

முதல் ரகத்தைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். அதே ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் யூவெல்ம் என்றொரு ஊர். அங்கே சஃபோக் சீமாட்டி ஆலிஸ் டி லா போலின் கல்லறை இருக்கிறது. கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி. அவர் கணவரான சஃபோக் கோமகனை 1450இல் நடுக்கடலில் பிடித்துத் தலையை வெட்டினார்கள். அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு தன் சொத்தையும் மகனையும் காப்பாற்றிக்கொண்டு வாழ்ந்து, 1475இல் இறந்தார். சாமானியப் பெண்மணி அல்ல.

அலபாஸ்டர் கல்லில் அவர் கிடந்த கோலத்தில் இருக்கிறார். தலையில் மகுடம், தலையணையில் தேவதைகள், குவித்த கைகள், இடது கையில் இங்கிலாந்தின் உயரிய விருதான கார்ட்டரின் பட்டை. இதுவரை நீங்கள் சொல்லும் ஆணவம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கு அடியில், தரையை ஒட்டி, கல்லில் குடைந்த சாளரங்கள் வரிசையாக இருக்கும். அதற்குள்ளே இன்னொரு ஆலிஸ். சவத்துணி விலகி, எலும்பும் நரம்பும் துருத்தி, வாய் திறந்து கிடக்கும் பிணம். மேலே இருப்பவருடைய அதே உடம்பு, இறந்து கொஞ்ச நாள் கழித்து.

அதோடு நிற்கவில்லை. அந்தப் பிணம் கிடக்கும் அறையின் விதானத்தில் ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். கபிரியேல் தேவதூதர் மரியாளுக்கு மங்களவார்த்தை சொல்லும் காட்சி, மகதலா மரியாள், ஸ்நாபக அருளப்பர். நின்றால் தெரியாது, குனிந்தாலும் தெரியாது. தரையில் மல்லாந்து படுத்து, தலையைச் சாளரத்தருகே கொண்டுபோனால்தான் கொஞ்சம் தெரியும். வேலை மெனக்கெட்டு ஓவியனை வைத்து, எந்த மனிதக் கண்ணுக்கும் எளிதில் படாத இடத்தில் எதற்காக வரைய வேண்டும்? அங்கே மல்லாந்து கிடக்கும் அந்த ஒருத்தி பார்ப்பதற்காக. ஊராருக்கு முன்னால் பகட்டு காட்டுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அந்தச் செலவைச் செய்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பின்னால் இருந்த கணக்கு உத்தரிக்கிற ஸ்தலம். நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே, பாவக்கறை தீரும்வரை ஆன்மா வேதனைப்பட்டுக் காத்திருக்கும் இடம். உயிரோடு இருப்பவர்களின் மன்றாட்டும் பூசையும் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்பது நம்பிக்கை. அதனால் செத்துப்போன சீமாட்டிக்கு, அந்த வழியாகப் போகும் குடியானவனின் ஒரு ஜெபம் தேவைப்பட்டது. இடைக்காலக் கல்லறைகளில் பதித்த பித்தளைத் தகடுகளில் திரும்பத் திரும்ப வரும் லத்தீன் வாசகத்தின் சாரம் ஒன்றுதான்: இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள். அதை அழகான எழுத்தில் எழுதப்பட்ட பிச்சை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் ஏழைகளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆலிஸும் கணவரும் 1437இல் 13 ஏழை ஆண்களுக்கும் இரண்டு குருக்களுக்கும் சர்ச்சை ஒட்டியே ஒரு இல்லம் கட்டினார்கள். இருக்க இடம், சாப்பாடு, செலவுக்குக் காசு எல்லாம் உண்டு. பதிலுக்கு அவர்கள் தினமும் நிறுவியவர்களின் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும். கூலிக்கு ஜெபம் என்று நீங்கள் கோபப்படலாம். நியாயம்தான். ஆனாலும் அந்த இல்லத்தில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். ஆலிஸும் கணவரும் கட்டிய பள்ளிக்கூடத்தில் இன்றும் ஊர்ப்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

சரி, கேட்பது எப்படிச் சொல்வதாக மாறியது? சட்டம் போட்டுத்தான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்றது. இறந்தவர்களுக்குப் பூசை வைப்பதற்காக எழுதிவைத்த நிலங்களையும் நிதிகளையும் 1547ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு எடுத்துக்கொண்டது. மக்கள் உற்சாகமாகக் கல்லறைகளையே உடைக்கத் தொடங்கியதும், 1560இல் முதலாம் எலிசபெத் ராணி ஒரு பிரகடனம் வெளியிட்டார். நினைவுக்காக வைத்தவற்றை உடைக்காதே, மூடநம்பிக்கைக்காக வைத்தவை வேறு என்பது அதன் சாரம். அரசாங்கமே கோடு கிழித்துவிட்டது. இனிமேல் கல்லறை உங்கள் குலம், கோத்திரம், பதவி, பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் சொல்லலாம். மன்றாடு என்று மட்டும் கேட்கக்கூடாது.

ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். உள்நாட்டுப் போரின் நடுவே, 1643, 44இல், வில்லியம் டவுசிங் என்பவர் சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷைர் கிராமங்களில் ஊர் ஊராகப் போய், 'மன்றாடுங்கள்' என்றிருந்த தகடுகளைப் பெயர்த்தார். எந்த ஊரில் எதை உடைத்தேன் என்று ஒழுங்காகக் குறிப்பேடும் வைத்திருந்தார். பல ஊர்களில் இந்தச் சேவைக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம் வேறு. உடைக்கப்பட்டவன் செலவிலேயே உடைப்பது நிர்வாகத் திறமைதான். சர்ச்சுத் தரையில் ஆள் வடிவத்தில் வெறும் பள்ளம் மட்டும் உள்ள கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தகடு போன இடம் அது. எல்லாம் டவுசிங் வேலை அல்ல, பித்தளை விலைக்காகத் திருடியதும் நிறைய.

சொல்கிற கல்லறைகளில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது லெஸ்டர்ஷைரின் பாட்டஸ்ஃபோர்ட். ரட்லண்ட் பிரபுக்களின் சிலைகள் பீடப்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன, பீடத்தைப் பார்க்கவே எட்டிப்பார்க்க வேண்டும். அதில் ஆறாவது பிரபு ஃபிரான்சிஸ் மேனர்ஸ் இரண்டு மனைவியருடன் படுத்திருக்கிறார். 1632இல் இறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே இறந்த அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் கொடிய சூழ்ச்சியாலும் சூனியத்தாலும் செத்தார்கள் என்று கல்லறையில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

சூனியக்காரிகளாக்கப்பட்டவர்கள் ஜோன் ஃபிளவரும் அவருடைய இரண்டு மகள்களும். பிரபுவின் பீவர் கோட்டையில் வேலை பார்த்து, வெளியே அனுப்பப்பட்டவர்கள். ஜோன் விசாரணைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்தார். மார்கரெட், ஃபிலிப்பா இருவரையும் 1619 மார்ச்சில் லிங்கனில் தூக்கிலிட்டார்கள். இளைய பையன் இறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அந்தப் பையனைப் பொறுத்தவரை தண்டனை முதலில், சாவு அப்புறம். அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கல் வெட்டியவனுக்கு என்ன, எழுதிக்கொடுத்ததை வெட்டினான். நீங்கள் எரிச்சல்பட வேண்டிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஸ்வின்புரூக் ஆசாமிகள் யாரையும் குற்றம் சாட்டாமல் சும்மாதானே படுத்திருக்கிறார்கள்.

கால் விஷயம்: உங்கள் நண்பர் சொன்னது வெகுகாலமாகச் சுற்றிவரும் கதை. சிலுவைப்போர்ப் பக்கமே போகாத வீரர்களுக்கும் குறுக்குக் கால் உண்டு, போனவர்களுக்கு நேர்க்கால் உண்டு. 13, 14ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளிடம் இருந்த பாணி அது, அவ்வளவுதான். கையில் மண்டையோடு வைத்திருக்கும் பிள்ளைச் சிலைகளைக் கண்டால் மட்டும் நம்பலாம், பெரும்பாலும் அது பெற்றோருக்கு முன்பே இறந்த பிள்ளை. சீமாட்டிகளின் காலடியில் இருக்கும் நாய்க்குப் பெரிய தத்துவம் தேட வேண்டாம் என்பது என் கட்சி. குளோஸ்டர்ஷைரின் டீர்ஹர்ஸ்டில், 1400ஆம் ஆண்டுத் தகட்டில், ஆலிஸ் கேசி என்பவரின் நாய்க்குப் பக்கத்தில் 'டெர்ரி' என்று அதன் பெயரையே பொறித்திருக்கிறார்கள்.

வெளியே புல்லுக்கடியில் கிடக்கும் ஏழைகளைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே நிற்கும் பெயர் எழுதிய நடுகற்களும் 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் பரவலாயின, அவையும் கொஞ்சம் வசதி உள்ளவர்களுடையவை. அதற்கு முந்தைய குடியானவர்கள் ஒரே மண்ணில் ஒருவர்மேல் ஒருவராகப் புதைக்கப்பட்டவர்கள். பல ஊர்களில் சர்ச்சைச் சுற்றியுள்ள நிலம் பாதையைவிட உயர்ந்து நிற்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

இனி மெட்ராஸ். அந்த ஊர்ப்புறச் சர்ச்சுகளில் நம் ஊர்ப் பெயர்கள் தட்டுப்படுவது அதிசயமில்லை. வந்தவாசியில் 1760இலும், பரங்கிப்பேட்டையில் 1781இலும் ஜெயித்த அயர் கூட், 1783இல் மெட்ராசில் இறந்தார். உடலை ஹாம்ப்ஷைரின் ராக்போர்ன் கிராமத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். சால்ஸ்பரிக்குப் பக்கத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் சப் காசில் என்ற சிற்றூரின் சர்ச்சுக் கோபுரத்தில் தாமஸ் பிட்டின் பெயர், 1711 என்ற ஆண்டோடு, கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஜார்ஜ் கோட்டை கவர்னராக இருந்தபோது வைரம் வாங்கிப் பிற்பாடு விற்றாரே, அதே பிட். ஆற்காட்டு கிளைவ் 1774இல் இறந்தபோது ஷ்ராப்ஷைரின் மோர்டன் சே சர்ச்சில் புதைத்தார்கள். எந்த இடத்தில் என்று அடையாளம்கூட வைக்கவில்லை. இன்று அங்கே இருப்பது ஒரு சின்னப் பித்தளைத் தகடு.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது எல்லைக்கு அப்பால், வேல்ஸின் ரெக்ஸமில் இருக்கும் எலிஹு யேலின் கல்லறை. மெட்ராஸ் கவர்னராக இருந்து, ஊழல் புகாரில் 1692இல் பதவி போனவர். அவருடைய கல்லறைப் பாட்டு, நல்லது நிறையச் செய்தார், கெட்டதும் கொஞ்சம் செய்தார், இரண்டும் நேராகியிருக்கும் என்று நம்புவோம் என்கிறது. மன்றாடு என்று கேட்கத்தான் தடை, வரவுசெலவைக் காட்டத் தடையில்லையே. மெட்ராசில் அடிமை வியாபாரம் நடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு, 'கொஞ்சம்' என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கெட்டதும் செய்தார் என்று கல்லில் ஒப்புக்கொண்ட வேறொரு கம்பெனிக்காரரை நான் கண்டதில்லை.

நீங்கள் பார்த்த பலகையின் கடைசி வரியைக் கவனித்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. யார் வைத்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புகழ்ச்சியை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே வழி, பணம் கொடுத்தவர் யார் என்று பார்ப்பது. தஞ்சாவூரில் பாதிரியார் ஷ்வார்ட்ஸின் நினைவுச்சிற்பம் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது. செய்யச் சொன்னவர் சரபோஜி மன்னர், அதனால் மரணப்படுக்கைக்குப் பக்கத்தில் மன்னரும் இருக்கிறார். உங்கள் அதிகாரிக்கு அதை வைத்தது படைப்பிரிவு நண்பர்கள் என்றால் அந்த வீரம், கருணை எல்லாம் வழக்கமான வாய்ப்பாடு, தாராளமாகக் கோபப்படுங்கள். தாயோ மனைவியோ வைத்தது என்றால், மெட்ராசில் புதைத்த உடம்பை அவர்கள் கடைசிவரை பார்த்திருக்கவே மாட்டார்கள், அப்போதும் கோபப்படலாம், ஆனால் வேறு மாதிரி. மறுபடி அந்தப் பக்கம் போனால் அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.