ஒன்பதாம் வகுப்பில் தோள்சீலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தக்கலைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்து, நம் மாவட்டத்துச் சமூகப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து எழுதுங்கள் என்று சொன்னேன். ஐந்து குழுக்கள் பிளாஸ்டிக், மது, குழந்தைத் திருமணம் என்று வழக்கமானதை எடுத்துக்கொண்டன. ஆறாவது குழு, நான்கு பெண்பிள்ளைகளும் இரண்டு பையன்களும், தோள்சீலைப் போராட்டம்தான் வேண்டும் என்கிறது. இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்து, "பழசைக் கிளறாதீங்க டீச்சர், வேற தலைப்பு கொடுங்க" என்றார்கள். முடிவை என்னிடமே விட்டுவிட்டார் தலைமையாசிரியர். பிள்ளைகள் கொண்டுவந்த குறிப்புகளோ போனில் கண்டவை: முலைவரி, நங்கேலி, எங்கோ எடுத்த புகைப்படங்கள். தலைப்பை மாற்றிவிடவா? மாற்றாவிட்டால் எங்கிருந்து தொடங்க? வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சண்டை வந்தால் என்ன செய்ய?

ஓர் ஆசிரியை, கல்குளம் வட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாற்றாதீர்கள். அன்றைய திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் (அன்றைய ஆவணங்களில் சாணார்) தோள்சீலை போடும் உரிமைக்காக நடத்திய போராட்டம் இது. கல்குளம், இரணியல் பகுதிகளில் 1822 வாக்கில் மூண்டு, 1859-இல் ஓர் அரச அறிவிப்பில் வந்து நின்ற விஷயம் இது. உங்கள் பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்ததைப் பிள்ளைகள் தாமாகக் கேட்கிறார்கள். மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ஆடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. இந்தப் போராட்டமும் அதில் வந்தது. 2019-இல் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். நூலில் இல்லாவிட்டால் ஊரில் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஆனால் "தோள்சீலைப் போராட்டம்" என்பது தலைப்பு மட்டும்தான், கேள்வி அல்ல. தலைப்பை மட்டும் கையில் கொடுத்தால் பிள்ளைகள் போனைத்தான் திறப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து நான்கு வாரத்தில் பதில் கண்டுபிடிக்கக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும். நான் முன்வைப்பது இது: ஒரு துணிக்கு அனுமதி கிடைத்தது, இன்னொரு துணிக்கு மறுக்கப்பட்டது, ஏன்?

இதற்கு முதலில் இரண்டு துணிகளையும் பிரித்துக் காட்ட வேண்டும். குப்பாயம் என்பது தைத்த, தளர்ந்த சட்டை. சுரியானிக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் போட்டது. தோள்சீலை தைக்காத துணி. மார்பை மறைத்துத் தோளில் போடுவது, நாயர் பெண்களின் அடையாளமாக இருந்தது. திருவிதாங்கூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில், 1813-14 வாக்கில், கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. பெண்களோ அதற்கு மேலே தோள்சீலையையும் போட்டார்கள். சண்டை அங்கேதான் பிடித்தது. 1829 பிப்ரவரி 3-இல் ராணி கௌரி பார்வதி பாயின் அறிவிப்பு வந்தது: சட்டை போடலாம், தோள்சீலை கூடாது. உடம்பை மறைப்பது மட்டுமே பிரச்சினையாக இருந்தால் விஷயம் அன்றே தீர்ந்திருக்கும். உடம்பை மறைப்பதை அரசு ஏற்றுக்கொண்டது, சமமாகத் தெரிவதை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த ஒன்றை ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் செயல்திட்டத்தில் பாதி முடிந்தது.

அடுத்து 1859 ஜூலை 26. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னர், மாதவராவ் திவான், சென்னையில் ஆளுநர் டிரெவிலியன். அந்த அறிவிப்பு சொல்வதன் சாரம்: சாணார் பெண்கள் கிறிஸ்தவச் சாணார் பெண்களைப் போலச் சட்டை போடலாம், எந்த மதத்தவரானாலும் முக்குவ (மீனவ) பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல. மேடைகளில் இதை "உரிமை கிடைத்த நாள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் அடிபட்டுப் பெற்ற அறிவிப்பிலும் அந்த "ஆனால்" உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகள் தம் கண்ணால் படிக்க வேண்டும். ஒரு சார்ட்டில் மூன்று பத்தி வரையச் சொல்லுங்கள்: யாருக்கு, எந்த உடை, என்ன விலக்கு. மேலே 1829, கீழே 1859. ஒரு பாடவேளை போதும். விளக்கத்தை நீங்கள் சொல்லாதீர்கள். மூன்றாவது பத்தி இரண்டு ஆண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இடையில் என்ன மாறியது என்ற கேள்வி அதிலிருந்து தானாக வரும். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் வந்துவிட்டார்கள். நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னலால் பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்கியது. 1858 நவம்பர் 1-இல் விக்டோரியா அரசியின் அறிக்கை, குடிமக்களின் மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்றது. துணியை எதிர்த்தவர்கள் அதைத் தங்கள் பழைய வழக்கத்துக்குக் காப்பாக வாசித்தார்கள். துணியைப் போட்டவர்களோ இனி தடையில்லை என்று வாசித்தார்கள். ஒரே தாள், இரண்டு வாசிப்பு. அந்த ஆண்டு இறுதியில் கலவரம் மீண்டும் மூண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி, பிள்ளைகள் போனில் கண்டவற்றுக்கு வருகிறேன். முலைவரி கேட்டதற்குத் தன் மார்பையே அறுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் நங்கேலியின் கதை ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலையில் வாய்மொழியாக வழங்குவது. நம் பக்கத்துப் போராட்டம் வேறு, அது வேறு. தலைக்கரம், முலைக்கரம் (முலைவரி) என்பவை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே வாங்கிய தலைவரியின் பெயர்கள். தோள்சீலை வழக்கு வரியைப் பற்றியதல்ல, உடை காட்டும் அந்தஸ்தைப் பற்றியது. "அந்தக் கதை பொய்" என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைத்துவிட வேண்டாம். "இது வாய்மொழிக் கதை, இது அறிவிப்பு" என்று இரண்டு தாளில் எழுதி இரண்டு பக்கம் வைக்கச் சொல்லுங்கள். புகைப்படங்களில் மட்டும் நான் கறாராக இருப்பேன். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் எடுத்தது என்ற மூன்றும் தெரியாத படம் ஒட்டக்கூடாது. தெரிந்தாலும், அந்தப் பெண்ணின் உடம்பை வகுப்புச் சுவரில் காட்சிக்கு வைக்க நமக்கு உரிமை இல்லை. அந்தப் பெண்கள் எதற்காக அடிபட்டார்களோ அதையே நாம் மறுபடி பறித்ததாகிவிடும். துணிகளை வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆதாரம் என்று சொன்னால் மூன்று வகை கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு உண்டு. மிஷனரிகளின் எழுத்து, தாய்நாட்டில் பணம் கொடுத்தவர்கள் படிப்பதற்காக எழுதியது. துன்பமும் விசுவாசமும் அதில் தூக்கலாக இருக்கும். அரசுத் தாள்கள் எல்லாவற்றையும் "ஒழுங்கு குலைவு" என்றே பார்க்கும். நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல், 1906-இல் வந்தது, அரசு அதிகாரி எழுதியது. சாதிச் சங்க மலர்கள் தலைவர்களைப் பேசும், பெண்களின் பெயர் அவற்றில் அபூர்வம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போனால் வேலை தொடங்கிவிடும். எந்தத் தகவலுக்குப் பக்கத்திலும் "இதை எழுதியவர் யார், யாருக்காக" என்று ஒரு வரி எழுதப் பழக்குங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய நிலப் பத்திரங்களையும் கேட்டுப் பாருங்கள். நாம் திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். எழுத்து பெரும்பாலும் மலையாளத்தில், ஆண்டு கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு சிங்ஙம் ஒன்றில், அதாவது நம் ஆவணியில், ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அன்றிலிருந்து டிசம்பர் 31 வரை விழும் தேதியானால் 824 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் அடுத்த ஆகஸ்ட் நடு வரை என்றால் 825. பிள்ளைகள் எப்போதும் தவறுவது இந்த இடத்தில்தான்: எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுவார்கள். கோவில் நுழைவு அறிவிப்பு கொல்லம் 1112 துலாம் 27. துலாம் நம் ஐப்பசி, ஆகவே 824. வருவது 1936 நவம்பர் 12. 825 கூட்டியிருந்தால் ஓர் ஆண்டு தள்ளிப்போயிருக்கும். 1859 அறிவிப்போ ஜூலையில், ஆகவே அது கொல்லம் 1034, கூட்டிச் சரிபாருங்கள். பத்திரங்களில் மக்களைச் சாதிப் பெயரோடு குறித்திருப்பார்கள். நகலெடுக்கும்போது பெயர்களை மறைத்துவிட வேண்டும். அசல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

பெரியவர்களைப் பார்த்துப் பேசுவது இந்த வேலையில் மிகச் செழிப்பான பகுதி, கெட்டுப்போவதும் இங்கேதான். ஒரு கணக்கு போடுங்கள். இன்று 85 வயதான பாட்டி 1940 வாக்கில் பிறந்தவர். அவருடைய பாட்டி 1880-90 வாக்கில் பிறந்திருப்பார். 1859-ஐ இவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆகவே "தோள்சீலைக் கலவரம் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால், அந்தப் பாட்டி எப்போதோ மேடையில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார், பிள்ளை அதை நேரில் கண்ட சாட்சியாக எழுதிக்கொள்ளும். அவர் கண்டதைக் கேளுங்கள். "ஒங்க அம்மச்சி வீட்டுல இருக்கும்ப என்ன உடுப்பாவ? வெளிய போகும்ப?" "ஜம்பர் (ரவிக்கை) மொதல்ல தைச்சுப் போட்டது எப்பம்? யாரு தைச்சா?" "கோவில்ல எது வரைக்கும் போவிய?" "தண்ணி எந்தக் கிணத்துல கோருவிய?" துணி, கிணறு, வழி, படி என்று கேட்டால் நினைவு வரும். "உங்களை எப்படி ஒடுக்கினாங்க?" என்று கேட்டால் ஒன்று அழுகை வரும், இல்லையென்றால் மௌனம். இரண்டுமே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தாங்கக்கூடியதல்ல.

ஆறு பேர், மூன்று இணை, இணைக்கு இரண்டு பெரியவர்கள். மொத்தம் ஆறு உரையாடல்கள் போதும். கேள்வி எட்டுக்கு மேல் வேண்டாம், நேரம் முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. ஒலிப்பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேட்டு, அந்த அனுமதியையும் பதிவில் சேர்க்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சை எழுத்தாக்க ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அன்று இரவே எழுதாவிட்டால் எழுதமாட்டார்கள். பெரியவர் பெயர் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, எந்த வட்டம் என்பது போதும். இணை சேர்க்கும்போது ஒரே சாதிப் பிள்ளைகளாக அமையவிடாதீர்கள். எந்தச் சாதியும் விடுபடாமல் பெரியவர்களைத் தேர்ந்தெடுங்கள். மேல்படியில் இருந்த வீடுகளின் பாட்டிகளிடமும் சொல்ல நிறைய இருக்கும். அன்று நாயர் பெண்களும் நம்பூதிரிக்கு முன்பும் கோவிலிலும் மேல்துணியை விலக்க வேண்டியிருந்தது. படிப்படியாக அமைந்த ஏற்பாடு அது. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருந்தவர் முன் குனிந்தார்கள், கீழே இருந்தவரைக் குனிய வைத்தார்கள். இது தெரிந்தால், எந்தப் பிள்ளையும் தன் வீட்டைப் பற்றி மட்டும் வெட்கப்படவோ பெருமைப்படவோ தேவையில்லை. குற்றத்தைப் பங்கிட்டுக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தோள்சீலை போட்டதற்கு அடிபட்டவர்கள் நாடார் பெண்கள், அதை எந்தச் சமநிலைக்காகவும் மழுப்பக்கூடாது.

முடிந்தால் ஒரு நாள், அய்யாவழி மக்களின் தலைமைப்பதி (வழிபாட்டிடம்) இருக்கும் சாமித்தோப்புக்கு அழைத்துப் போங்கள். அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்டசாமி (1809–1851), தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் பதிக்குள் போகிறார்கள். பெண்ணின் தோளில் நடந்த வழக்கு ஆணின் தலையிலும் நடந்தது என்பது அங்கே நின்றால் புரியும். உங்கள் குழுவின் இரண்டு பையன்களுக்கும் அது வேண்டும்.

சண்டையைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டிமன்றம் வைக்காதீர்கள். "தோள்சீலை போட விட்டது சரியா தவறா" என்று இரண்டு அணி பிரித்தால் ஒரு பிள்ளை எழுந்து தவறு என்று வாதாட வேண்டிவரும். மானத்துக்கு ஓட்டெடுப்பு கிடையாது. வகுப்பில் யாருடைய சாதியையும் கேட்காதீர்கள், கேட்கவும் விடாதீர்கள். "சாணார்" என்ற சொல் அன்றைய ஆவணத்தில் இருப்பது. மேற்கோளுக்குள் அப்படியே வரட்டும், பிள்ளையின் சொந்த வாக்கியத்தில் "நாடார்" என்று எழுதட்டும். "அவங்க" "நாங்க" என்று யாராவது தொடங்கினால், "எந்தத் தாளில் இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். தாளைத் தேடும் நேரத்தில் சூடு தணியும். மதிப்பெண் போடும்போது 20-க்கு எட்டு ஆதாரத்துக்கு ஒதுக்குங்கள், அழகுக்கு இரண்டு போதும்.

வந்து பேசிய அந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தனுப்புங்கள். கேள்வி இது, படிக்கும் அறிவிப்புகள் இவை, பெயர் எழுத மாட்டோம், எழுதி முடித்ததும் உங்களுக்கு முதலில் காட்டுவோம் என்று. "பழசைக் கிளறாதீங்க" என்பதில் இருப்பது பெரும்பாலும் பயம், அதை மதியுங்கள். அந்த வீடுகளில் வயதானவர் இருந்தால் ஆறு பேரில் ஒருவராக அவரையே கேட்க முடியுமா என்று பாருங்கள்.

அறிக்கையை ஒட்டும் முன் ஆறு பெரியவர்களுக்கும் அவரவர் சொன்ன பகுதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் அடிக்கச் சொல்லும் வரியைக் காரணம் கேட்காமல் அடித்துவிட வேண்டும். முடிந்ததும் அந்த மூன்று பத்திச் சார்ட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு என் அன்பு.