இரண்டாம் கட்டில் நடக்கும் படிப்பு

ஆச்சி, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அண்ணனும் மகளோடு வந்தபோது "காலம் இருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அப்புறம் உங்கள் வீட்டுக்கு வந்து அவள் வளர்க்கும் ஃபைட்டர் மீன்களைப் பார்த்தேன். அந்தச் சமாதானப் பேச்சு போதாது. மூன்றாவது தடவை நீட் எழுத வைக்காதீர்கள். அதற்காக நகையை அடகு வைக்கவே வைக்காதீர்கள்.

"நம்ம வீட்டில் ஒரு டாக்டர் வேண்டாமா" என்று மலேசியாவிலிருந்து மாமா கேட்கிறார். கேட்கட்டும், வட்டி கட்டப்போவது நீங்களும் அண்ணனும்தான். இரண்டு வருடமாகப் புத்தகத்தை மூடியதும் அந்தப் பிள்ளை எங்கே ஓடியது? மீன் தொட்டிகள் இருக்கும் இரண்டாம் கட்டுக்கு, அந்த உள்முற்றத்துக்குத்தானே?

அங்கே அவள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த பாதாம் இலை போட்டு, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்த பிறகு, தொட்டியில் ஐந்தாறு அங்குலம் மட்டும் ஊற்றுகிறாள். ஆண் மீன் நுரைக்கூடு கட்டும் வரை பெண் மீன் கண்ணாடி டம்ளருக்குள் இருக்கிறது. முட்டை போட்டு முடிந்ததும் ஆண் துரத்திக் கடித்துவிடும் என்று பெண்ணை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுகிறாள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே கீழே நழுவிய ஒரு முட்டையை ஆண் மீன் வாயால் கவ்விக் கொண்டுபோய் நுரைக்குள் வைத்தது. ஒன்றிரண்டு நாளில் பொரியும், குஞ்சுகள் வால் தொங்கக் கிடக்கும், இன்னும் இரண்டு மூன்று நாளில் அவை படுக்கைவாட்டில் நீந்தினால் அப்பனையும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். முதல் ஈற்றுக்கு அவித்த மஞ்சள் கருவைப் போட்டுத் தண்ணீர் கெட்டு எல்லாம் செத்துப்போனதாம். இந்த முறை ஓட்ஸ் கூழில் நுண்புழு வளர்த்துப் போடுகிறாள். தொட்டியை ஏன் மூடி வைக்கிறாய் என்று கேட்டேன். பெட்டா என்கிற இந்த ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும், அதற்கான உறுப்பு மூன்று நான்கு வாரத்தில்தான் உருவாகும், அதுவரை மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும் என்றாள். இந்தப் பிள்ளைக்கா படிப்பு வரவில்லை என்கிறீர்கள்?

இவளுக்கான படிப்பு பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல். நான்கு வருடம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது; தூத்துக்குடிக் கல்லூரி 1977லிருந்து நடக்கிறது. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். பொறியியல் கலந்தாய்வோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், விண்ணப்பம் தனி. மீன் வளர்ப்பு, குஞ்சு உற்பத்தி, மீன் நோய், பதப்படுத்துதல் எல்லாம் பாடத்தில் உண்டு. முடித்தால் மீன்வளத் துறை ஆய்வாளர் பணிக்குத் தேர்வு எழுதலாம், பொரிப்பகங்களிலும் இறால் பண்ணைகளிலும் வேலை தேடலாம். வங்கிகளில் வேளாண் அலுவலர் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும். இந்தக் கடைசி விஷயத்தை மாமாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செலவு விஷயத்தில் அவளுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இப்போதைக்கு ஒரே ஜோடி, ஒரு நேரத்தில் ஒரே ஈற்று. ஒரு ஈற்றில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வந்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் சண்டை போடும், ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி வேண்டும், ஜாடிக்கு ஜாடி தண்ணீர் மாற்ற வேண்டும். வாங்க ஆள் பார்த்து வைக்காமல் அடுத்த ஜோடியைச் சேர்க்கக் கூடாது. 2020ல் வந்த மத்திய மீன்வளத் திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வைக்கும் 3 லட்ச ரூபாய் அலங்கார மீன் அலகுக்குப் பெண்களுக்கு 60 சதவீத மானியம் என்று வைத்திருந்தார்கள். மானியம் என்றதும் அவசரப்பட வேண்டாம், மீதி உங்கள் கைப்பணம். முதலில் ஒரு வருடக் கணக்கை அவள் நோட்டில் எழுதட்டும்.

சனிக்கிழமை அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் அந்த மீன் நோட்டும் கையில் இருக்கட்டும்.