ஸ்பிரிங் கார் மூன்று மீற்றரில் ஏன் நிற்கிறது?

கேள்வி: ரீச்சர், நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், உயர்தரம் முதலாம் வருடம். பௌதிகவியல் செயற்றிட்டத்துக்கு எலிப்பொறி ஸ்பிரிங்கில் ஓடும் கார் ஒன்று செய்திருக்கிறேன். பின்சில்லு இரண்டும் சீடி. அச்சு 4 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி. பொறியின் கம்பியில் கட்டிய நூலின் மறுமுனையை அச்சில் இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறேன். விட்டவுடன் சில்லு வழுக்கிச் சுற்றுகிறது. பிறகு பாய்ந்து போய் மூன்று மீற்றரில் டக்கென்று நிற்கிறது. சில தடவை பின்னுக்கும் வருகிறது. நண்பனின் கார் பத்து மீற்றர் தாண்டுகிறது. இன்னும் பலமான ஸ்பிரிங் வாங்கிப் போடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. அதிலுள்ள சக்தியை ஒரே மூச்சில் செலவழித்து விடுகிறீர்கள், அவ்வளவுதான். பலமான ஸ்பிரிங் போட்டால் சில்லு இன்னும் கூடத்தான் வழுக்கும்.

நீங்கள் அளவுகளை எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பொறியின் கம்பி ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் இருக்கும். அது ஒரு பக்கம் படுத்திருந்து மறுபக்கம் போய் விழும்போது 10 சென்ரிமீற்றர் நூலை இழுக்கும். உங்கள் அச்சின் சுற்றளவு 1.26 சென்ரிமீற்றர். ஆகவே அச்சு 8 தடவை சுற்றும். சீடியின் விட்டம் 12 சென்ரிமீற்றர், சுற்றளவு 37.7. எட்டால் பெருக்கிப் பாருங்கள்: 3 மீற்றர்! கார் நிற்கிற இடமும் அதுதான். நூல் முடிகிற இடத்தில் கார் நிற்கிறது.

முதலில் அந்த முடிச்சை அவிழ்த்து விடுங்கள். நூல் முழுவதும் அவிழ்ந்த பிறகும் கார் உருளப் பார்க்கும். ஆனால் முடிச்சு அச்சைப் பிடித்திருப்பதால் அதே நூல் மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கும், விழுந்த கம்பியைத் திரும்பவும் தூக்கும். அங்கேதான் கார் நிற்கிறது. தூக்கிய கம்பி மறுபடி விழும்போது காரைப் பின்னுக்கு இழுக்கிறது. முடிச்சுக்குப் பதில் அச்சில் ஒரு சின்னக் கொளுக்கி வையுங்கள். பேப்பர் கிளிப்பில் 3 மில்லிமீற்றர் வெட்டி, அச்சோடு ஒட்டி, சற்றுச் சாய்ந்து நிற்கிற மாதிரி செய்தால் போதும். நூலின் நுனியில் ஒரு சின்ன வளையம் போட்டு அதில் மாட்டிச் சுற்ற வேண்டும். கடைசிச் சுற்று அவிழ்ந்ததும் வளையம் தானாகக் கழன்று விழும், கார் தன்பாட்டில் உருண்டு போகும். வளையம் இறுக்கமாக இருந்தால் கழராது. சுற்றுவதற்கு முன் விரலால் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

அடுத்தது நூலை இழுக்கிற கையின், அதாவது பொறிக் கம்பியின், நீளம். பொறியின் கம்பியோடு 25 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள். பட்டம் கட்டுகிற குச்சியே போதும். நூலை அதன் நுனியில் கட்ட வேண்டும். இப்போது இழுபடுகிற நூல் 50 சென்ரிமீற்றர். அச்சு 40 சுற்று, கார் 15 மீற்றர். இழுக்கிற விசை ஐந்தில் ஒரு பங்காகி விடும், ஆகவே வழுக்கலும் நிற்கும். ஸ்பிரிங்கின் சக்தி மாறவில்லை, விசை குறைந்த அளவுக்குத் தூரம் கூடியிருக்கிறது. முறுக்கி வைத்திருக்கும்போது குச்சியின் நுனி பின் அச்சுக்கு நேர் மேலே வரும்படி பொறியைத் தள்ளிப் பொருத்துங்கள். கார் கிளம்பவே மாட்டேன் என்றால் குச்சியை இரண்டு இரண்டு சென்ரிமீற்றராகக் குறைத்துப் பாருங்கள்.

சில்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. பலூனின் நடுப்பகுதியை வளையமாக வெட்டி சீடியின் விளிம்பில் இழுத்து மாட்டினால் தரையைப் பிடிக்கும். சீடியின் நடுத்துளை 15 மில்லிமீற்றர். போத்தல் மூடியை அதில் ஒட்டி நடுவில் துளைப்பார்கள். அந்தத் துளை அரை மில்லிமீற்றர் விலகினாலும் சில்லு ஆடும். அச்சைச் சுற்றிவிட்டு, சீடியின் விளிம்பருகே பென்சில் முனையை அசையாமல் பிடியுங்கள். ஓரிடத்தில் மட்டும் உரசினால் மூடியைக் கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். கடற்காற்றுப் படுகிற உங்கள் பக்கத்தில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அச்சை நல்ல மணல்தாளால் தேய்த்து, அது காரின் உடலிலுள்ள துளைக்குள் போகும் இடத்தில் மட்டும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். நூல் சுற்றும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது.

இனி அறிக்கை. நிறையப் பிள்ளைகள் பிழை விடுவது இங்கேதான். ஸ்பிரிங்கின் சக்திக்கு ‘அரை கே எக்ஸ் வர்க்கம்’ என்ற சூத்திரத்தை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எலிப்பொறி ஸ்பிரிங் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் முறுகித்தான் இருக்கிறது, ஆகவே அது பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. குச்சியின் நுனியை விற்றராசால் குச்சிக்குச் செங்குத்தாக இழுத்து, 30 பாகைக்கு ஒரு தடவை வாசிப்பு எடுங்கள். விசையை 0.25 மீற்றரால் பெருக்கினால் திருப்பம், அதாவது விசையின் சுழற்றும் திறன். அதைக் கோணத்தோடு வரைபாக்கினால் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பளவுதான் சக்தி. கோணத்தை ஆரையனில் போட மறக்க வேண்டாம். என் குறிப்புக் கொப்பியில் உள்ள ஒரு பொறிக்கு விசை 0.8 நியூற்றனில் தொடங்கி 1.6 வரை போனது. சராசரி 1.2. அதை 0.25 ஆலும், அரைச் சுற்றின் (180 பாகை) 3.14 ஆரையனாலும் பெருக்கினால் 0.94 யூல்.

தடையையும் அளக்கலாம். ஒரு மீற்றர் பலகையில் காரை வைத்து, மெல்லத் தட்டிவிட்டால் வேகம் கூடாமல் குறையாமல் உருளும் வரைக்கும் ஒரு முனையை உயர்த்துங்கள். 200 கிராம் காருக்கு 3 சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டி வந்தால் தடை 0.06 நியூற்றன் அளவில் இருக்கும். 0.94 யூலை அதால் வகுத்தால் 15 மீற்றருக்குச் சற்று மேல். உங்கள் கார் 11 மீற்றர்தான் ஓடினால் மிச்சம் எங்கே போனது என்று எழுதுங்கள். என் கண்ணில் அந்தப் பந்திக்குத்தான் புள்ளி அதிகம். தூரத்தை அளக்க அடுக்குமாடி நடைபாதையில் பதித்த மாபிள்களை எண்ணினால் சுகம். ஒன்றின் நீளத்தை மட்டும் அடிமட்டத்தால் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

என் அப்பா புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தார். சின்ன வயதில் அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்துதான் ஸ்பிரிங்கைப் படித்தேன். சாவி கொடுத்த மணிக்கூடு எட்டு நாள் ஓடுவது அந்தச் சுருளில் கிடக்கிற சக்தியால் அல்ல, அதைச் சொட்டுச் சொட்டாக விடுகிற பற்சில்லுகளால் என்பார். ஒரு நாள் பெரிய சுவர் மணிக்கூட்டின் சுருள், கூட்டை விட்டுத் துள்ளி அவருடைய பெருவிரலை எலும்பு தெரிய வெட்டியது. அதனால் சொல்கிறேன்: குச்சியைப் பின்னுக்கு வளைக்கும்போது முகத்தை நேரே வைக்காதீர்கள், கண்ணாடி போடுங்கள், விரலைப் பொறிக்குள் விடாதீர்கள்.

ரொபேட் ஹூக்கும் மணிக்கூட்டு ஸ்பிரிங்கோடு மெனக்கெட்டவர்தான். ஸ்பிரிங்கின் நீட்சி இழுக்கிற விசைக்கு ஏற்பக் கூடும் என்ற தன் விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டு, 1678இல்தான் விடையை வெளியிட்டார். அறிக்கையின் முன்னுரைக்கு இது உதவும்.

கேள்வி: மகள் தரம் 10. இப்படியான காரைச் செய்து தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்துச் செய்விக்கலாமா? (தாய், கொட்டாஞ்சேனை)

பதில்: செய்விக்காதீர்கள் அம்மா. ஆய்வுகூடத்தில் இருந்த வருடங்களில் பளபளப்பான கார்களோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘நூல் ஏன் இந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது?’ என்று கேட்டால் பிள்ளை தரையைப் பார்க்கும். எனக்கு அது தாங்காது. எலிப்பொறி, இரண்டு பழைய சீடி, கம்பி, நூல், பசை: பெரிய செலவில்லை. துளை போடுவதற்கு மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: போட்டிக்கு முதல் நாள் இரவே முறுக்கி வைத்தால் ஸ்பிரிங் களைத்துவிடுமா?

பதில்: உருக்கு ஸ்பிரிங் ஒரு இரவில் பெரிதாகத் தளராது. றப்பர் பட்டி என்றால் கட்டாயம் தளரும். ஆனால் மூங்கில் குச்சி வளைந்துவிடும், நூல் நீளும், பசை விட்டுக்கொடுக்கும், எதிர்பாராமல் அவிழ்ந்து யாருடைய கையையாவது அடிக்கவும் கூடும். உங்கள் முறை வரும்போது, காரை ஓடுகோட்டில் வைத்த பிறகு முறுக்குங்கள்.