லாஸ்பேட்டைத் தம்பிக்கு, சாப்ட்பால் ஆடும் மகளைப் பற்றி

தம்பி, லாஸ்பேட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த கையோடு நான்கு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். டிரைவிங் லைசென்ஸ், அரிசி பருப்பு, வாடகை வீடு, அப்புறம் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: ஒன்பது வயது மகளை, பேஸ்பால் மாதிரியான சாப்ட்பாலுக்கு ஊர் அணியில் சேர்த்தேன், ஒரு பந்துகூட மட்டையில் படவில்லை, அழுகிறாள், நிறுத்திவிடலாமா? முதல் மூன்றுக்கும் உங்கள் ஆபீஸில் இருக்கிற நம்ம ஆட்களே பதில் சொல்லிவிடுவார்கள். நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் எழுதுகிறேன்.

நிறுத்தாதீர்கள். ஆனால் நீங்களே தினமும் பந்து போட்டுப் பழக்குகிறேன் என்று எழுதியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் கிரிக்கெட் ஆடியவர். முன்காலை நீட்டு, மட்டையை நேராகப் பிடி, முழங்கையை உயர்த்து என்றுதான் வாயில் வரும். கிரிக்கெட் மட்டை தட்டை, 4.25 அங்குலம் வரை அகலம். இந்த மட்டை உருண்டை, குறுக்களவு 2.25 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பந்து தரையில் குத்தி எழும்பாது. கையை முழு வட்டம் சுழற்றி, கீழிருந்து எறிவார்கள், நேரே வந்துவிடும். பின்பக்கம் தட்டிவிட்டு ஓடவும் முடியாது, அடிக்கிற இடத்திலிருந்து முன்னால் விரிந்து போகிற இரண்டு கோடுகளுக்கு நடுவேதான் அடிக்க வேண்டும்.

எனவே முதலில் மட்டைப் பிடியை மாற்றுங்கள். உள்ளங்கையில் புதைக்காமல் விரல்களில் பிடிக்கட்டும். இரண்டு கைகளின் நடு விரல்மூட்டுகளும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றால் போதும். கால்களைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக விரித்து, பின்காலில் எடை வைத்து நிற்க வேண்டும். சின்னதாக ஒரு அடி எடுத்து முன்பாதத்தை ஊன்றிய பிறகு இடுப்பு திரும்ப வேண்டும், கை அதற்கும் பின்னால்தான் வர வேண்டும். பழகாத பிள்ளைகள் கையை முதலில் வீசிவிடுவார்கள், இடுப்பு அப்படியே நிற்கும். அடித்து முடித்ததும் பின்காலின் குதிகால் தூக்கித் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டீ என்கிற ரப்பர் தண்டின் மேல் பந்தை வைத்து, முன்காலுக்கு நேராக நிறுத்தி, கொஞ்ச நாள் அதிலேயே அடிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு திருத்தம்தான். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் பிள்ளை பந்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

அதைவிட முக்கியம் பயம். அவள் வயதுப் பிரிவில் 35 அடி தூரத்திலிருந்து எறிவார்கள். மணிக்கு 40 மைல் வேகத்தில் வந்தால் அரை நொடிக்குச் சற்று மேல்தான் அவகாசம். எறிகிற பிள்ளையும் சின்னவள், எங்கே போடுவாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே பட்டுவிடுமோ என்று உடம்பு தானாகப் பின்வாங்குகிறது, பிறகு மட்டை எப்படிப் பந்துக்குப் போகும்? "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. பந்து மேலே வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுங்கள். தாடையை மார்போடு சேர்த்து, முன்தோளை உள்ளே திருப்பி, முதுகைக் காட்ட வேண்டும், மட்டையைத் தாழ்த்திவிட வேண்டும். முகக்கம்பி வைத்த ஹெல்மெட்டைப் போட்டுவிட்டு, டென்னிஸ் பந்தை மெதுவாக அவள் மேலேயே எறிந்து பழக்குங்கள், சிரித்துக்கொண்டே செய்வாள். இது கைவந்த பிள்ளைகள்தான் பிறகு தைரியமாக நின்று அடிக்கிறார்கள். எங்கள் ஊர் அணியில் வருடக்கணக்காகப் பிள்ளைகளைப் பழக்குகிறேன், நம்பிச் செய்யுங்கள்.

மட்டை வாங்கும்போது, வளரும் பிள்ளைக்குப் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைப்பது போல அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பெரிதாக வாங்காதீர்கள். கனமான மட்டை சுழற்சியையே கெடுத்துவிடும். நீளத்தின் அங்குலத்துக்கும் எடையின் அவுன்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே டிராப் என்பார்கள். 28 அங்குலம், 18 அவுன்ஸ் என்றால் டிராப் 10. இந்த வயதுக்கு 10 அல்லது அதற்கு மேல் பாருங்கள்.

இனி நம்ம ஆட்களைப் பற்றி. கம்பி வேலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பந்துக்கும் தமிழில் கத்துகிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. கோச் ஒன்று சொல்வார், இவர்கள் வேறொன்று சொல்வார்கள். இன்னொரு கூட்டம், பத்து வயதிலேயே காலேஜ் ஸ்காலர்ஷிப் கணக்குப் போட்டு, ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணியில் ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டுகிறது. ஊர் அணியிலேயே இரண்டு மூன்று சீசன் ஆடட்டும். "வெயில்ல கறுத்துடுவாளே" என்று கேட்கிற அக்காக்களும் வருவார்கள், காதில் வாங்காதீர்கள். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும். பெரிய ஆட்டக்காரர்களே பத்துக்கு மூன்று முறை நல்ல அடி கொடுத்தால் கொண்டாடுகிற விளையாட்டு இது. இதை அவளிடமும் ஒருநாள் சொல்லுங்கள்.

நாங்கள் கடலூரிலிருந்து வந்தது 2005 ஜனவரியில். சுனாமி தேவனாம்பட்டினத்தை அடித்துப் போட்டுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. இங்கே பனி, கார் கிடையாது, யாரையும் தெரியாது. என் மகள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. மார்ச்சில் எதிர்வீட்டு அம்மா, தன் மகளோடு இவளையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நான் கடலூரில் பூப்பந்து ஆடியவள், வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தைக் கடந்து போகும்போது பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். அதனால்தான் அன்றைக்கு இவளை உள்ளே அனுப்பிவிட்டு, நானும் விதிகளைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அந்த சீசன் முடிவதற்குள் ஸ்கோர் புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது. சுண்டல் டப்பாவும் அணிக்குப் பழகிவிட்டது, மாங்காய் போட்டால் முதலில் காலியாவது அதுதான். ஒரு கோடையில் என் அம்மா வந்திருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பேத்தி அடித்துவிட்டு மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்து, "பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லுடி, விலை கொடுத்து வாங்கினது" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு எங்களுக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

பாப்பாவுக்குப் பந்து வாங்கும்போது 11 அங்குலச் சுற்றளவா என்று பார்த்து வாங்குங்கள். 12 அங்குலம் பெரிய பிள்ளைகளுக்கு, கடையில் அதைத்தான் முன்னால் அடுக்கியிருப்பார்கள்.